மேல்முதுகு வலி: அறிதலும் ஆற்றுதலும்

கொண்டாப்பூரில் ஓர் அன்பரின் அடுக்குமாடி இல்லத்தில் ஞாயிறுதோறும் மாலையில் கீதை வகுப்பு நடைபெறுகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் பணி நிமித்தம் தமிழகத்திலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த கணினிப் பொறியாளர்கள். வகுப்பின் தொடக்கத்தில் பத்து நிமிட தியானம் உண்டு. முதல் மூன்று நிமிடங்கள் நல்ல அமைதி நிலவும். நான்காவது நிமிடத்தில் எங்கோ ஒரு கழுத்து சொடுக்கிடும் ஓசை கேட்கும். அடுத்து ஒருவர் தோள்களைக் குலுக்குவார். ஆறாவது நிமிடத்துக்குள் சுவரோரம் அமர்ந்திருப்பவர்கள் அனைவரும் சுவரில் சாய்ந்திருப்பார்கள்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் முப்பது வயதைத் தாண்டாத ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "சுவாமிஜி, மனம் ஓரளவு நிற்கிறது. முதுகுதான் நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல் இருக்கிறது" என்றார். "வலியைச் சாட்சியாக இருந்து கவனியுங்கள், தம்பி" என்று பதில் சொன்னேன். அவர் கைகூப்பி விடைபெற்றார்.

அந்தப் பதிலைச் சொன்னபோது என் காவித்துண்டுக்குக் கீழே, அதே இடத்தில், காலையில் தடவிய தைலம் இன்னும் மணந்துகொண்டிருந்தது. மொழிபெயர்ப்புப் பணியில் நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் குனிந்து அமர்பவன் நான். எனக்குத் தைலத்தையும் அவருக்குச் சாட்சி பாவத்தையும் பரிந்துரைத்தது நேர்மையாகாது என்று இரவு முழுவதும் உறுத்தியது. மறுவாரமே நாங்கள் இருவரும் ஓர் இயன்முறை மருத்துவரிடம் சென்றோம். அதன்பிறகு கேட்டும் படித்தும் செய்துபார்த்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி ஒரு சொல். சாதவாகனர் காலத் தொல்பொருள்கள் கிடைத்த புகழ்பெற்ற கொண்டாப்பூர் ஒன்று சங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கிறது. நான் குறிப்பிடுவது அதுவன்று. இது நகரின் மேற்கே, மாதாப்பூருக்கும் கச்சிபௌலிக்கும் அருகே, தாவரவியல் பூங்காவை ஒட்டிய கொண்டாப்பூர். 1998ஆம் ஆண்டு மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட பிறகு, கருங்கற்பாறைகள் நிறைந்த இப்பகுதி முழுவதும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. காலையில் இரு சக்கர வாகனத்தில் முதுகுப்பையுடன் நெரிசலில் ஒரு மணி நேரம், அலுவலகத்தில் திரையின் முன் ஒன்பது மணி நேரம், மீண்டும் நெரிசல், பிறகு படுக்கையில் கைபேசி என்பதே இங்கு பலரின் அன்றாடம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அலுவலகம் வீட்டுக்கு வந்தது. ஆனால் அலுவலக நாற்காலி உடன் வரவில்லை. சாப்பாட்டு மேசையும் கட்டிலும் பணியிடங்களாயின. எங்கள் வகுப்பில் பலருக்கு வலி அப்போது தொடங்கியதுதான்.

தாங்குபவை எவை?

முதுகெலும்புத் தொடரில் கழுத்துப் பகுதியில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் உள்ளன. மேல்முதுகு என்பது அந்தப் பன்னிரண்டின் பகுதி. அவை ஒவ்வொன்றுடனும் ஓர் இணை விலா எலும்புகள் பொருந்தி, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூடாக அமைகின்றன. எனவே கழுத்தையும் இடுப்பையும் போல் இப்பகுதி தாராளமாக அசைவதில்லை; உறுதியே இதன் இயல்பு. இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதும் இடுப்பிலும் கழுத்திலும் நிகழ்வதைவிட இங்கு குறைவு. ஆகவே மேல்முதுகில் தோன்றும் வலி பெரும்பாலும் தசைகளையும் மூட்டுகளையும் சார்ந்தது.

தோள்பட்டை எலும்பைச் சற்றுத் தொட்டுப் பாருங்கள். முதுகின்மேல் முக்கோணத் தகடு போல் கிடக்கும் அது, காறை எலும்பின் வழியாக மட்டுமே உடலின் நடுக்கூட்டோடு எலும்புத் தொடர்பு கொண்டிருக்கிறது. மற்றபடி அதை நிறுத்துபவை தசைகளே. மண்டையோட்டின் அடியில் தொடங்கி, தோள்வரை விரிந்து, பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு வரை இறங்கும் பெரிய சரிவகத் தசை அவற்றுள் முதன்மையானது. தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. ஒவ்வொரு கையும் உடல் எடையில் சுமார் இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கை 3 கிலோ. மேசையில் தாங்கலின்றிக் கைகளை நீட்டித் தட்டச்சு செய்பவர் அந்த 6 கிலோவைத் தோள்களிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார்.

தலை நேராக இருக்கும்வரை அதன் எடை முதுகெலும்புத் தொடரின்மேல் ஒழுங்காக இறங்குகிறது. குனியக் குனிய நிலைமை மாறுகிறது. 2014ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அறுவை மருத்துவர் கணினி மாதிரியைக் கொண்டு கணக்கிட்டபோது, தலை 60 பாகை கவியும்போது கழுத்தின்மீது விழும் விசை சுமார் 27 கிலோவுக்குச் சமமாகிறது என்று கண்டார். இது உயிருள்ள மனிதரிடம் அளந்ததன்று, கணக்கு மட்டுமே. இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. கிணற்றடியில் நிறைகுடத்தை இடுப்போடு சேர்த்து வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

சுமையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: மாறாமை. மேசையில் அமர்ந்து எழுதுவதற்குத் தசையின் வலிமையில் மிகச் சிறு பங்கே போதும். ஆனால் அந்தச் சிறு வேலையை ஒரே தசை இழைகள் இடைவிடாது செய்கின்றன. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஹேக் 1991ஆம் ஆண்டு முன்வைத்த கருத்து ஒன்று இதை விளக்குகிறது. தசை சுருங்கத் தொடங்கும்போது முதலில் எழுபவை சிறிய இழைகள். தசை முழுவதும் தளரும்வரை ஓயாமல் இருப்பவையும் அவையே. மாற்றான்தாய் கொடுமைக்கு ஆளாகி, எல்லோருக்கும் முன் எழுந்து எல்லோருக்கும் பின் உறங்கிய சிண்ட்ரெல்லாவின் பெயரை அக்கருத்துக்கு இட்டார்கள். நம் கூட்டுக் குடும்பங்களின் பழைய மூத்த மருமகள்களை அறிந்தவர்களுக்கு வெளிநாட்டுக் கதை தேவையில்லை. அந்த இழைகளுக்கு ஓய்வு கிடைப்பது நாம் எழுந்து வேறு வேலை செய்யும்போதுதான்.

இது புதிய நோயுமன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700ஆம் ஆண்டு வெளியிட்டு 1713இல் விரிவாக்கிய தொழில்நோய் நூலில் எழுத்தர்களின் துன்பங்களை ஆராய்ந்திருக்கிறார். ஓயாது அமர்ந்திருத்தல், கையின் மாறாத ஒரே அசைவு, பிழை நேருமோ என்று மனம் கொள்ளும் இறுக்கம் ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகக் காட்டினார். மூன்றாவது காரணத்தைக் கவனியுங்கள். மனம் நெருக்கடியில் இருக்கையில் சரிவகத் தசையின் மின் செயல்பாடு உயர்வதை இன்றைய கருவிகள் அளந்து காட்டுகின்றன. ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது தோள்கள் காதுகளை நோக்கி ஏறுவதைப் பொறியாளர்களும் அறிவார்கள். மாத இதழுக்கு மொழிபெயர்ப்பவர்களும் அறிவார்கள்.

வலி என்பது என்ன?

தத்துவ மாணவர்களாக இருந்த நாட்களில் டேகார்ட்டின் படம் ஒன்றை எங்களுக்குக் காட்டுவார்கள். ஒருவனின் பாதம் நெருப்பின் அருகே இருக்கிறது. பாதத்திலிருந்து ஓர் இழை மூளைவரை செல்கிறது. கயிற்றை இழுத்தால் மறுமுனையில் மணி அடிப்பதுபோல் வலி தோன்றுகிறது. அவர் மறைந்த பிறகு 1660களில் வெளிவந்த நூலின் இந்தக் கருத்து முந்நூறு ஆண்டுகள் மருத்துவத்தை ஆண்டது. காயம் எவ்வளவோ அவ்வளவு வலி என்பதே அதன் உட்பொருள்.

1965ஆம் ஆண்டு மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் இதை மாற்றினார்கள். உடலிலிருந்து வரும் செய்திகள் தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மேலே செல்கின்றன. அந்த வாயில் திறப்பதும் மூடுவதும் பிற தொடு உணர்ச்சிகளாலும் மூளையிலிருந்து இறங்கும் செய்திகளாலும் மாறுகின்றன என்றார்கள். அடிபட்ட இடத்தைத் தேய்த்தவுடன் வலி குறைவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்குகிறது. பயமும் உறக்கமின்மையும் அதே வலியை ஏன் பெரிதாக்குகின்றன என்பதும் விளங்குகிறது. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையில், வலி எப்போதும் ஒருவரின் சொந்த அனுபவம் என்றும், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் விளக்கம் சேர்த்திருக்கிறது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே வலி கற்பனை என்று சொல்வது அறிவியலுமன்று.

இதன் மறுபக்கமும் உண்டு. படத்தில் ஏதோ தெரிவதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்றும் ஆகாது. இடுப்பு முதுகெலும்பின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், வலியே இல்லாதவர்களில் இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இடைத்தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. "தேய்மானம்" என்ற ஒரு சொல்லைக் கேட்ட நாளிலிருந்து தரையில் அமர்வதையே கைவிட்டவர்கள் எங்கள் அன்பர்களில் உண்டு. தலைமுடி நரைப்பதைப் போன்ற ஒரு மாற்றத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

நேராக அமர்வது பற்றி

உடல், தலை, கழுத்து மூன்றையும் சமமாக வைத்து அமருமாறு கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. சுவேதாசுவதர உபநிடதமும் மார்பு, கழுத்து, தலை ஆகியவற்றை உயர்த்திச் சமமாக வைப்பதைப் பேசுகிறது. இவற்றைப் படித்த சாதகர்கள் பலர் படைவீரரைப் போல் மார்பை நிமிர்த்தி, இடுப்பை முன்தள்ளி, மூச்சையும் பிடித்துக்கொண்டு அமர்கிறார்கள். சமம் என்பது விறைப்பு அன்று. பதஞ்சலி ஆசனத்துக்கு இரண்டு அடையாளங்களைத் தருகிறார்: நிலையாகவும் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும். அடுத்த சூத்திரத்திலேயே, முயற்சியைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்கிறார். வலியைச் சகித்து வெல்வது அங்கே பேசப்படவில்லை.

எனக்கு வியப்பளித்தது வியாச பாஷ்யம். அவ்விடத்தில் ஆசனங்களை வரிசைப்படுத்தும்போது பத்மாசனம், வீராசனம் ஆகியவற்றோடு சோபாசிரயம் என்ற ஒன்றையும் கூறுகிறது. தாங்கலுடன் அமர்வது என்பது அதன் பொருள். வாசஸ்பதி மிசிரர் அதை யோகபட்டத்தோடு அமர்வது என்று விளக்குகிறார். யோகபட்டம் எது என்பதற்கு நாம் வெகுதூரம் செல்ல வேண்டாம். சபரிமலை ஐயப்பனின் முழங்கால்களைச் சுற்றியிருக்கும் பட்டை அதுதான். யோக நரசிம்மரின் திருவுருவங்களிலும் அதைக் காணலாம். யோக நிலையில் வீற்றிருக்கும் தெய்வத்துக்கே தாங்கல் அளித்த மரபில் வந்தவர்கள், சுவரில் சாய்ந்ததற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த மாலை வகுப்பில் சாய்ந்திருந்தவர்களை நான் மனத்துக்குள் குறைவாக மதித்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இக்கால ஆய்வும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும் உன்னத நிலை என்று ஒன்று இல்லை. சிறிது நேரம் கூனி அமர்வதால் எவருக்கும் தீங்கு நேர்வதில்லை. நேராகவே ஆயினும் மூன்று மணி நேரம் அசையாமல் அமர்வது தீங்கு தரும்.

செய்யத்தக்கவை

முதலில் மேசை. மடிக்கணினி என்ற பெயரே அதை மடியில் வைக்கச் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர்களாகிய நாங்கள் பொருத்தமான பெயரை இட்டு, பொருத்தமற்ற பழக்கத்துக்கு வழிகாட்டிவிட்டோம். அதன் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதுதான் இடர்ப்பாடு. திரையை உயர்த்தினால் கைகள் தூக்க வேண்டும். விசைப்பலகையைத் தாழ்த்தினால் தலை கவிய வேண்டும். தனியே ஒரு விசைப்பலகையை வாங்கி, மடிக்கணினியை நான்கைந்து தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வருமாறு வைத்தால் சிக்கல் தீரும். முன்னங்கைகள் மேசையில் படிந்திருக்கட்டும். அந்த 6 கிலோவை மேசை சுமக்கட்டும். பாதங்கள் தரையில் படியாதவர்கள் ஒரு பலகையை வைத்துக்கொள்ளலாம். தாளில் படிப்பவர்களுக்கு நம் முன்னோர் வகுத்த சிக்குப்பலகை இருக்கிறது. வியாசபீடம் என்றும் சொல்வோம். ஹைதராபாத்தின் பழைய நகரத்தில் திருக்குர்ஆன் ஓதுவதற்கு அதே வடிவப் பலகையை ரிஹல் என்ற பெயரில் விற்கிறார்கள். நூலுக்குச் செய்யும் மரியாதை என்றே அதை எண்ணியிருந்தேன். நூலை உயர்த்தினால் கழுத்து பிழைக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது.

அடுத்தது எழுவது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடமாவது நடங்கள். தண்ணீர்ச் செம்பை மேசையிலிருந்து எட்டவைப்பது எளிய வழி.

பிறகு பயிற்சி. தைலமும் ஒத்தடமும் வலியைத் தணிக்கும். தசையை வலுவாக்குவது பயிற்சி ஒன்றே. டென்மார்க்கில் 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கழுத்திலும் தோளிலும் அடிக்கடி வலி கொண்ட 198 பணியாளர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு ரப்பர் பட்டையைக் காலடியில் மிதித்து, இரு முனைகளையும் கைகளால் பிடித்து, பக்கவாட்டில் தோள்மட்டம்வரை உயர்த்தி இறக்கும் பயிற்சியை வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு 2 நிமிடம் செய்தது. இன்னொரு குழு 12 நிமிடம் செய்தது. மூன்றாவது குழுவுக்குத் தகவல்கள் மட்டும். பத்து வாரங்களுக்குப் பின் முதல் இரு குழுக்களுக்கும் வலி குறைந்திருந்தது. இரண்டு நிமிடம்! இதற்கு நேரமில்லை என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட மற்றவை எளியவை. நாற்காலியில் அமர்ந்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றையொன்று நெருங்குமாறு இழுத்து, ஐந்து எண்ணும்வரை வைத்துத் தளர்த்துவது பத்து முறை. முகவாயைத் தாழ்த்தாமல் நேர்பின்னாக இழுப்பது பத்து முறை. கதவு நிலையின் இருபுறமும் முன்னங்கைகளைப் பதித்து ஓரடி முன்வைத்து மார்புத் தசைகளை நீட்டுவது அரை நிமிடம். கைகளைப் பிடரியில் கோத்து, நாற்காலியின் சாய்வு விளிம்பின்மேல் மேல்முதுகை மெதுவாகப் பின்னால் வளைப்பது ஐந்தாறு முறை. யோகாசனம் பயின்றவர்களுக்கு மார்ஜாரி ஆசனமும் புஜங்காசனமும் இதே பயனைத் தரும். நீட்டும்போது இதமான இழுப்பு இருக்கலாம். குத்தும் வலியோ மரத்துப்போதலோ தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். மூச்சையும் மறக்கலாகாது. பதற்றத்தில் நாம் மார்பின் மேற்பகுதியால் மட்டும் மூச்சிழுக்கிறோம்; அப்போது கழுத்துத் தசைகள் விலாக்களைத் தூக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. வயிறு எழுந்து தாழுமாறு ஆழ்ந்து மூச்சுவிட்டால் அவற்றுக்கு அந்த வேலை மிச்சம்.

வலி தோன்றிய புதிதில் வெந்நீர்ப் பையால் பதினைந்து நிமிட ஒத்தடம் சுகம் தரும். நாட்கணக்கில் படுத்துக் கிடப்பது தசையை மேலும் தளர்த்தும். வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுக்கும் வழக்கத்தை அறவே விடுங்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த நிகழ்வுகளை மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன.

தசையென்று எண்ணி ஏமாறக்கூடாத இடங்கள்

பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் எங்களுக்கு நெருங்கிய முதியவர் ஒருவர் நடுமுதுகில் வலி என்றார். எண்ணெய் தேய்த்தார்கள், சுளுக்கெடுத்தார்கள், வாயுவுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். "வயதானால் அப்படித்தான், ஐயா" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். இரவில் வலி அதிகமாகிறது என்றும், மாலையில் உடம்பு காய்கிறது என்றும், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்றும் அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான்காம் மாதத்தில் கால்கள் தள்ளாடின. பிறகே படம் எடுக்கப்பட்டது, முதுகெலும்பில் காசநோய். 1779ஆம் ஆண்டிலேயே பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கிய நோய் அது. மார்பு முள்ளெலும்புகளை அது அடிக்கடி தாக்கும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் நம் நாட்டில் இருக்கிறார்கள். மருந்தால் குணமாகும் நோய்தான். அவரும் ஓராண்டுக்கு மேல் மருந்துண்டு தேறினார். ஆனால் கைத்தடியை விட முடியவில்லை. அந்த நான்கு மாதங்களில் என் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆகவே காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், இரவில் உறக்கம் கலைக்கும் வலி, முன்பு புற்றுநோய் கண்ட வரலாறு ஆகியவற்றுள் எதுவாயினும் வலியோடு சேர்ந்திருந்தால் மருத்துவரை உடனே காண வேண்டும். கால்கள் வலுவிழந்தாலோ மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. எலும்பு நலிந்த மூதாட்டிகளுக்குச் சிறு சறுக்கலிலேயே முள்ளெலும்பு நசுங்கி, திடீர் வலியும் கூனும் தோன்றலாம். முதுகின் ஒரு பக்கத்தில் எரிச்சலுடன் பட்டையாகக் கொப்புளம் எழுந்தால் அது அக்கி. முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கும் மருந்தே நன்கு பயன்படும். கொழுப்பு உணவுக்குப் பின் வலத் தோள்பட்டையின் கீழ் வருவது பித்தப்பையின் வலியாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது இதயம். தோள்பட்டைகளுக்கிடையே அழுத்தமும், அதனுடன் வியர்வை, மூச்சுத்திணறல், மார்பு இறுக்கம், குமட்டல், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி ஆகியவையும் தோன்றினால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு இவ்வாறு மறைமுகமாக வருவது அதிகம். முதுகு கிழிவதுபோல் திடீரென்று தோன்றும் கடும் வலி மகாதமனி கிழிவதாலும் நேரலாம். இத்தகைய நிலையில் 108ஐ அழையுங்கள். அந்தச் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று இதே ஹைதராபாத்தில்தான் தொடங்கியது.

இப்போது எங்கள் ஞாயிறு வகுப்பில் மூலையில் ஆறு நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. சுவரோர இடங்களுக்கு மெத்தைத் திண்டுகள் வந்திருக்கின்றன. தியானத்துக்கு முன் எல்லோரும் எழுந்து நின்று தோள்களை ஐந்து முறை சுழற்றுகிறார்கள். அந்த இளைஞர் பத்து வாரங்களாக ரப்பர் பட்டையை விடவில்லை. கட்டைவிரல் அழுத்தம் இப்போது வாரத்தில் ஓரிரு நாட்கள்தான் என்கிறார். சென்ற வாரம் ஏழாவது நிமிடத்தில் கழுத்துச் சொடுக்கு ஒன்று கேட்டது; அது என்னுடையது.